மலை ஏறும் ஜீப்பைக் கட்டக் கற்பது எங்கே?

நமது இதழில் ஏலக்காய் விலை, ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்புச் சட்டம், தராசு முத்திரை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை ஜீப்பைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் ஜீப் கட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். போடிநாயக்கனூரில் நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்துவரும் எங்களுக்குச் சம்பந்தம் உண்டு. தார்ச்சாலை முடிகிற இடத்தோடு நம் சரக்கு நின்றுவிடுவதில்லை. அதற்கு மேலும் தோட்டங்கள் இருக்கின்றன, லயன் வீடுகள் இருக்கின்றன, அங்கே அரிசியும் பருப்பும் எண்ணெயும் வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி ஏழெட்டு மைல் கல்லும் சேறுமாகக் கிடக்கும் பாதையில் சரக்கைக் கொண்டு சேர்ப்பது ஜீப்தான்.

ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கி இறங்கின. கழுதையும் தலைச்சுமையும் இருந்தன. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியபின், மெல்ல மெல்ல நம் மலைகளுக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வந்தது. இன்றைக்கும் குரங்கணிப் பக்கம் போனாலும், கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினாலும் ஜீப் இல்லாமல் காரியம் நடக்காது.

இந்த ஜீப்புகளில் பல, கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லை. ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டியிருப்பார்கள். பெரிய டயர் மாட்டியிருப்பார்கள். மேலே கேரியர் போட்டிருப்பார்கள். இதையெல்லாம் செய்கிறவர்கள் எங்கே கற்றார்கள்? பெரும்பாலும் பார்த்துக் கற்றது, கைப்பழக்கம். கைப்பழக்கத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நாமும் வியாபாரத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்தாம். ஆனால் கைப்பழக்கம் மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு என்பதை நாங்கள் 2017ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் தெரிந்துகொண்டோம்.

ஒரு வளைவில் நடந்தது

எங்கள் சரக்கை மலைக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். சொந்த ஜீப். பதினைந்து வருடப் பழக்கம். அந்த வருடம் ஒரு பட்டறையில் கொடுத்து வண்டியை உயர்த்திக்கொண்டு வந்தார். முன்பு அடிபடுகிற பாறை இப்போது அடிபடவில்லை என்று அவருக்குச் சந்தோஷம். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஸ்பிரிங் பலமாகிவிட்டதே என்று வழக்கத்தைவிட இரண்டு அரிசி மூட்டையை உள்ளே ஏற்றி, எண்ணெய் டின்களைக் கேரியருக்கு மாற்றினோம். ஏற்றச் சொன்னது நாங்கள்தான். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

இறக்கமான ஒரு வளைவில், உள்பக்கச் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறியது. முன்பெல்லாம் வண்டி சாய்ந்து நிமிர்ந்துவிடும். அன்று நிமிரவில்லை. பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து ஒரு சில்வர் ஓக் மரத்தில் தங்கியது. மரம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். ஓட்டுநருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டியில் செய்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் இல்லை என்று சொல்லி இன்ஷூரன்ஸ் தொகை மறுக்கப்பட்டது. ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அது தர்மம் அல்ல, எங்கள் பங்குக் கடன்.

அவருடைய மகனுக்கு அப்போது பதினேழு வயது, பத்தாவது தேறியிருந்தான். ஒருநாள் கடைக்கு வந்தான். "முதலாளி, அப்பா வண்டி ஏன் விழுந்துச்சுன்னு பட்டறையில கேட்டேன். நேரம் சரியில்லைங்கிறாங்க. நேரம் எப்படி முதலாளி வண்டியக் கவுக்கும்? நான் இதை முறையாப் படிக்கணும். எங்க சொல்லித் தருவாங்க?" என்று கேட்டான்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. விசாரிக்க ஆரம்பித்தோம். அந்த விசாரணையில் கிடைத்ததைத்தான் இங்கே தருகிறோம். நம் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும், நம்மிடம் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

முதலில் படிக்க வேண்டியது எடை

மதுரையில் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் எங்களை உட்காரவைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும் கணக்கு.

வண்டியின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எடை மையம் என்று பெயர். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 130 செ.மீ. என்றால் பாதி 65. எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருந்தால், நிற்கிற வண்டி பக்கவாட்டில் ஏறக்குறைய 43 டிகிரி சாயும் வரை தாங்கும். வண்டியை உயர்த்தி அந்த மையம் 80 செ.மீ. ஆனால் 39 டிகிரி. அதற்கு மேல் கேரியரில் சரக்கை ஏற்றி 100 செ.மீ. ஆக்கினால் 33 டிகிரி. ஓடுகிற வண்டியில் வளைவின் வேகமும் ஸ்பிரிங் அமுங்குவதும் சேர்ந்து இன்னும் குறையும். உயர்த்தியது பாதி, ஏற்றியது பாதி என்று இரண்டும் சேர்ந்துதான் அன்று வண்டியைக் கவிழ்த்தன. பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

டயர்க் கணக்கும் இப்படித்தான். 28 அங்குல உயர டயரைக் கழற்றி 32 அங்குலம் மாட்டினால் சக்கரத்தின் இழுவை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்றத்துக்காகச் செய்த மாற்றம் ஏற்றத்திலேயே இழுவையைக் குறைக்கிறது. நிறுத்துவதற்குப் பிரேக் ஏழில் ஒரு பங்கு கூடுதலாக வேலை செய்ய வேண்டும். மீட்டர் 35 காட்டும்போது வண்டி 40இல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே டயரைத் தொட்டால் கிரவுன் பல் விகிதத்தையும் பிரேக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டியை உயர்த்தினால் ஜாயிண்ட் ஷாஃப்ட் சாயும் கோணம், பிரேக் ஹோஸின் நீளம், ஸ்டீயரிங் ராடுகளின் கோணம் எல்லாம் மாறுகின்றன. ஒன்றை மாற்றினால் ஐந்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் மேற்படிப்பு என்பது இதுதான்.

இதைப் படிக்கும் பாடசாலை நம்மிடமே இருக்கிறது. எடை மேடைதான் அது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுத்தால், எடை மையம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியும். ஒரு முனையை அளந்த உயரத்துக்குத் தூக்கி வைத்து, மறுமுனையின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், மையத்தின் உயரத்தையும் கணக்கிடலாம். பொறியியல் புத்தகங்களில் உள்ள முறைதான். அந்தப் பையன் எங்கள் கிட்டங்கிக்கு எதிரே இருக்கும் எடை மேடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைச் செய்து பார்த்தான். ஆசிரியரும் கூட இருந்தார்.

படிப்படியாகப் படிக்கும் வழி

முதல் படி ஐ.டி.ஐ. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு. ஃபிட்டர், டர்னர் பிரிவுகளும் இரண்டு ஆண்டு. வெல்டர் பிரிவு ஓராண்டு. ஜீப் கட்ட நினைக்கிறவனுக்கு இதில் எது வேண்டும் என்றால், மெக்கானிக் படிப்பும் வெல்டிங்கும் இரண்டும் வேண்டும். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பாடப் புத்தகங்களைச் சென்னை கிண்டியில் உள்ள 'நிமி' என்கிற மத்திய அரசு நிறுவனம் தயாரிக்கிறது. தமிழிலும் வெளியிடுகிறார்கள். ஏற்கனவே பட்டறையில் வேலை பார்ப்பவர்கள், ஐ.டி.ஐ.யில் சேர முடியாவிட்டாலும், இந்தப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கை அறிந்ததற்கெல்லாம் அதில் காரணம் கிடைக்கும்.

இரண்டாவது படி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. மூன்றாண்டுப் படிப்பு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கணக்கு அங்கேதான் வருகிறது. பட்டப் படிப்புக்குப் போகிறவர்களுக்குச் சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது. 1949இல் தொழிலதிபர் சி. ராஜம் தம் செல்வத்தைக் கொடுத்துத் தொடங்கிய கல்லூரி அது. ஆரம்பத்திலேயே ஆட்டோமொபைல் பிரிவு அங்கே இருந்தது. பணம் சம்பாதித்தவர் ஒருவர் தொழில் கல்விக்குச் செய்த காரியம் என்பதால் இங்கே குறிப்பிடுகிறோம்.

மூன்றாவது படி வெல்டிங்கில் தேர்ச்சி. திருச்சி பெல் தொழிற்சாலையோடு சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் தொடங்கப்பட்டது. வெல்டர்களுக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே பயிற்சி தருகிறார்கள். நம் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இப்படி ஒரு இடம் இருக்கிறது. சேஸ் இரும்பு வேறு, ஸ்பிரிங் பட்டை இரும்பு வேறு. ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், ஸ்டீயரிங் கை ஆகியவை சூடாக்கிப் பதப்படுத்திய உருக்கு. சாதாரண வெல்டிங் வைத்தால் பற்று பலமாகத் தெரியும், பக்கத்தில் பதம் கெட்டு விரிசல் விடும். எதற்கு வெல்டிங் வைக்கலாம், எதற்குக் கூடவே கூடாது என்று தெரிந்துகொள்வதற்கே இந்தப் பயிற்சி தகும்.

நான்காவது படி, ஒரு வண்டியை முழுதாகக் கட்டிப் பார்ப்பது. கல்லூரி மாணவர்களுக்காக 'பாஹா' என்கிற போட்டி 1976இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆரம்பித்தது. இந்தியாவில் 2007 முதல் எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு நடத்துகிறது. இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூர்தான் இதற்குப் பெயர்பெற்ற இடம். மாணவர்களே குழாய்களை வளைத்து, பற்றுவைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் கரடுமுரடுப் பாதை வண்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பிரேக் சோதனையில் தேறாத வண்டியை ஓட்ட விடமாட்டார்கள். மேடு ஏற்றிப் பார்த்து, கடைசியில் நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். செலவுக் கணக்குக்கும் மதிப்பெண் உண்டு. பிள்ளையைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கும் உறுப்பினர்கள், அந்தக் கல்லூரியில் பாஹா அணி இருக்கிறதா என்று கேட்டுச் சேர்ப்பது நல்லது.

போட்டிக்குப் போகாதவர்களுக்கும் அதன் விதிப் புத்தகம் பயன்படும். ஓட்டுநரைச் சுற்றிய கூண்டுக்கு எந்தக் கனமுள்ள குழாய், எந்த இரும்பு, பெல்ட்டை எங்கே பூட்டுவது, எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் அளவோடு எழுதியிருக்கிறது. நம் பட்டறைகளில் 'பலமா ஒரு பைப்' என்று சொல்வதை அங்கே மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்.

படிக்க வேண்டிய புத்தகங்களில் இரண்டு வகையை மட்டும் சொல்கிறோம். ஒன்று, பழைய வில்லிஸ் ஜீப்புக்காக அமெரிக்க ராணுவம் 1944இல் வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேடு. வண்டியை ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் படத்தோடு எழுதப்பட்டது. போர்க்காலத்தில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கும் புரிய வேண்டும் என்பதால் எளிய ஆங்கிலம். நம் பக்கத்து ஜீப்பின் பூர்வீகம் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, கரோல் ஸ்மித் என்ற பந்தயப் பொறியாளர் எழுதியவை. 'டியூன் டு வின்' (1978) சக்கரமும் ஸ்பிரிங்கும் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்கிறது. 'என்ஜினியர் டு வின்' (1984) இரும்பு ஏன் உடைகிறது என்று சொல்கிறது. பந்தய வண்டிக்கு எழுதியதானாலும் இரும்பும் போல்ட்டும் மலை ஜீப்பிலும் அப்படியேதான் நடந்துகொள்கின்றன.

ஹரியானா மாநிலத்தில் பஞ்சாப் எல்லையை ஒட்டி மண்டி டப்வாலி என்று ஒரு ஊர். ஜீப்பைப் புதிதாக உருவாக்கித் தருவதற்கு நாடெங்கும் பெயர் பெற்றது. அங்கே போய் ஒரு மாதம் நின்று பார்த்தால் தகடு மடக்குவதையும் பாடி கட்டுவதையும் நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன படிகளை முடித்துவிட்டுப் போவதே நல்லது. எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அப்போதுதான் தெரியும்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை உரிமையாளருக்கு என்பதைச் சொந்த ஜீப் வைத்திருக்கும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். எஞ்சின் மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது.

பிறகு எதற்காக இதைப் படிப்பது என்று கேட்கலாம். பழைய ஜீப்பைப் பழைய அளவுக்கே சரியாகக் கொண்டுவருவதற்கே நம் மலையில் ஆள் போதவில்லை. சாலைக்கு வராத பந்தய வண்டிகள் இருக்கின்றன. சென்னையைச் சுற்றி வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் செய்யாதே என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஊருக்கு ஒருவர் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சங்கத்துக்கு மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, சங்கக் கட்டடத்தில் ஒரு அலமாரியை ஒதுக்கி, மேலே சொன்ன புத்தகங்களை வாங்கி வைத்தால், பட்டறைப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள். ஒரு சிப்பம் பருப்பின் விலைக்குள் ஐ.டி.ஐ. புத்தகங்களை வாங்கிவிடலாம். இரண்டு, வருடத்துக்கு ஒரு பிள்ளையைத் திருச்சி வெல்டிங் பயிற்சிக்கு அனுப்பும் செலவைச் சங்கம் ஏற்கலாம். முதல் வருடச் செலவை எங்கள் கடை ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது யோசனைக்குக் காசு செலவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெறும் எடையும் ஏற்றிய எடையும் இருக்கும். கழித்துப் பார்த்து, ஓட்டுநர் எடையையும் கழித்து, மிச்சத்துக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை, கேரியரில் கனமான சரக்கை வைப்பதில்லை என்று நாமே ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பையன் ஐ.டி.ஐ. முடித்து, டிப்ளமோவும் முடித்து, திருச்சிக்கும் போய்வந்துவிட்டான். இப்போது சிறிதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். அப்பாவின் ஜீப்பைக் கம்பெனி உயரத்துக்கே இறக்கி, பழைய அளவு டயரைப் போட்டு, எஃப்.சி. வாங்கி ஓட்டுகிறார்கள். கேரியர் இல்லை. போன மாதம் சரக்கு ஏற்ற வந்தவன் சீட்டைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிட்டு, "ரெண்டு மூட்டைய எறக்கிருங்க முதலாளி, நாளைக்கு இன்னொரு நடை வர்றேன்" என்றான். ஒரு நடை வாடகை கூடுதல். பழைய பழக்கத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். பிறகு இறக்கச் சொல்லிவிட்டோம்.

உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவில் இந்த மூன்று யோசனைகளையும் எடுத்துக்கொண்டு ஆவன செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.